ஏழெட்டு அம்பத்தாறு

என் மகள் நாலாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், பள்ளிக்கூடம் திறந்த அன்றே மழையும் திறந்துகொண்டது. கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் சுவருக்குள்ளும் மழை பெய்யும். எங்களுடையது பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில், ஒரு சுக்குக் கிடங்கின் மேல்மாடி. ஈரம் ஏறிய நாட்களில் சுக்கின் மணம் பலகைத் தரை வழியாக மேலே வந்து, தலையணை உறையிலும் மகளின் நோட்டுப் புத்தகங்களிலும் போய்ப் படுத்துக்கொள்ளும். ஜன்னலோரம் என் தையல் மெஷின். கடற்கரைப் பக்கத்து ஹோம்ஸ்டேக்களுக்குத் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வருஷத்தை நினைத்தால் முதலில் அந்த மெஷின் சத்தம்தான் வருகிறது. அதற்குள் மழை. மழைக்குள் எங்கோ என் மகளின் குரல்.

அவள் சொல்லிக்கொண்டிருந்தது வாய்ப்பாடு.

பள்ளிக்கூட டயரியில் டீச்சர் மலையாளத்தில் எழுதி அனுப்பியிருந்தார்: ஆறுக்கு மேல் வாய்ப்பாடு ஒன்றும் தெரியவில்லை, வீட்டில் தினமும் சொல்ல வைக்கவும். அதை வாசித்துவிட்டு என் கணவர் சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு காரியமா? ஒரு மாசம் என்கிட்ட விடு."

அவர் இடக்கொச்சியில் ஒரு ஐஸ் பிளாண்டில் மெஷின் பார்க்கிறவர். பதினாறாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். சாயங்காலம் வந்து, குளித்து, நான் விளக்கு வைத்ததும் மகளை முன்னால் உட்கார வைத்துக்கொள்வார்.

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு."

அவளும் சொல்லுவாள். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. கேட்க அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் இதையே இங்கிலீஷில் சொல்ல வேண்டும், கூட விளையாடுகிற குழந்தைகள் மலையாளத்தில் சொல்லுவார்கள். அவளோ அப்பாவின் தமிழ் ராகத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் ஏழும் எட்டும் ஒன்பதும் மேலிருந்து கீழ் வரை தடங்கலில்லாமல் வந்தன. மூன்றாவது வாரம் அவர் நடுவிலிருந்து கேட்டார்.

"ஆறேழு?"

மகள் கண்ணைத் திறந்தாள். "ஆறேழு... அப்பா, முதல்லேர்ந்து பாடட்டா?"

"பாட வேண்டாம். சொல்லு."

"இருபத்தாறு?"

"எட்டேழு?"

அவள் ஓட்டுக்கூரையில் மழை விழுகிற இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு வருது, கணக்கு வரல்லியே," என்று அவர் என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும் அது அவள் காதில் விழுந்தது. எனக்குத் தெரியும், அந்த மாதிரிப் பேச்சு எவ்வளவு தாழ்ந்தாலும் விழும்.

என் கால் மெஷின் பெடலில் நின்றுபோயிருந்தது.

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் தெரியாது. இதே ஊரில், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். தமிழ் எழுத்து, அப்பா வாங்கி வந்த வாரப் பத்திரிகைகளிலிருந்து பிற்பாடு வந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் என்னை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்து, ஏழெட்டு எத்தனை என்று கேட்டார்கள். உயரத்திலிருந்து பார்த்தால் எல்லார் தலை வகிடும் தெரிந்தது. எனக்கு முன்னால் நாற்பது வகிடுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டே பீரியட் முடியும் வரை நின்றேன். அன்றிலிருந்து ஏழும் எட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எனக்குள் மூடுபனி மாதிரி ஒன்று எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு துணியைத் தரையில் விரித்து விரித்து அளந்தேன். அப்புறம் போன் வந்தது. போனில் கால்குலேட்டர் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. பதிமூன்று வருஷமாக என் கணவருக்கும் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் மகள் என் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, ஏழெட்டு எத்தர?" என்று கேட்டாள். போன் சார்ஜில், அடுத்த அறையில் இருந்தது.

"ஏழெட்டுன்னா ஏழெட்டுதான். கல்யாணத்துக்கு ஏழெட்டு பேர் வந்தாங்கன்னு சொல்றதில்லையா? இத்திரி கூடலாம், இத்திரி குறையலாம்," என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூலையில் வயிற்றுவலி தொடங்கியது. புதன்கிழமைகளில்தான் வரும். புதன்கிழமை முதல் பீரியட்டில் டீச்சர் வாய்ப்பாடு கேட்பார், ஒவ்வொருவராக, வரிசையாக. முதல் புதன் நான் வெந்நீரில் சீரகம் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது புதன் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் வயிற்றை அங்குமிங்கும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் எங்கன உண்டு மோளே, இஷ்டமாணோ?" என்று கேட்டார். மகள் மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். மருந்து எழுதவில்லை.

மூன்றாவது புதன் அவள் வலி என்று சொல்லவே இல்லை. தானாகவே தலை பின்னிக்கொண்டாள். தோசை சாப்பிட்டாள். சந்து முனை வரை நான் போவது வழக்கம். அங்கிருந்து பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. மழை விட்டிருந்தது. ரோட்டில் ஆடுகள் நனைந்துகொண்டு படுத்திருந்த இடமெல்லாம் காய்ந்த வட்டங்களாகத் தெரிந்தன. அந்த வட்டங்களில் காலை வைத்து வைத்து அவள் நடந்து போனதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மாடி ஏறினேன்.

பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. "மோள் இன்னு வந்நிட்டில்லல்லோ, வயறுவேதனையாணோ?"

மகள் பள்ளிக்கூடம் போய்ச் சேரவே இல்லை. அதற்குப் பிறகு நான் ஓடியது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். பள்ளிக்கூட வாசல். எதிர்க் கடை. மிட்டாய் விற்கிறவர். ஒரு லாரியின் பின்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கையைக் காட்டிய திசை. அந்தத் திசையில் படகு ஜெட்டிதான் இருந்தது. ஜெட்டி, தண்ணீர். 

டிக்கெட் கொடுக்கிற பெண் நான் கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டாள். "யூனிபார்ம் இட்ட குட்டியா? எரணாகுளத்துக்குப் போயி. அம்மா அக்கரையில் காத்துநிக்குன்னு பறஞ்சு. போட்டுல இருக்கிற சேட்டனுக்கு நான் விளிச்சுச் சொல்லிட்டேன். பேடிக்கண்டா சேச்சி, பயப்பட ஒண்ணுமில்ல, அவர் கூட்டிட்டு வராரு."

கால் மணி நேரம் அந்த மரப் படியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் முழுக்க ஆகாயத்தாமரை. மழைக்காலத்தில் ஆற்றிலிருந்து மிதந்து வந்து கடலைப் பார்க்கப் போகும். ஒவ்வொரு பச்சைத் திட்டும் ஒரு சின்ன ஊர் மாதிரி, ஏதோ ஒரு கொக்கைக் குடிவைத்துக்கொண்டு நகர்ந்தது. அக்கரையில் கிரேன்கள் மேகத்துக்குள் தலையை விட்டிருந்தன. அழுகை வரவில்லை. ஒரு சத்தமும் இல்லாத இடத்துக்கு யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போய் வைத்த மாதிரி இருந்தது.

படகு வந்தது. கயிறு கட்டுகிற சேட்டன் பக்கத்தில், மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. பல நாட்களாக நான் பார்க்காத ஒரு முகம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்போதுதான் பயம் வந்தது. என்னைப் பார்த்து வந்த பயம்.

அவளைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். அதற்குத்தான் படகில் ஏறினேன். பக்கத்தில் போனதும் அவளருகே உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். சேட்டன் என்னைப் பார்த்து, "இறங்குன்னில்லே?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் கயிற்றை அவிழ்த்தார்.

இப்படித்தான் ஒரு புதன்கிழமைக் காலையில் நானும் என் மகளும் காரணமில்லாமல் எரணாகுளத்துக்குப் போனோம். படகு ஜெட்டியை விட்டு நகர்ந்த பிறகு, பள்ளிக்கூடத்துக்கு போன் பண்ணி, கிடைத்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன்.

 எஞ்சின் அதிர்வு பலகை வழியாக உடம்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நீர்க்காகம் மூங்கில் கம்பில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா திட்டல்லியா?"

"இல்ல."

"அப்பாகிட்ட சொல்லுவியா?"

"சொல்லணும்லே மோளே. நீ காணாம போயிட்டே. எனக்கு உசிரே போச்சு."

அவள் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள். பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அம்மா, உனக்கு ஏழெட்டு எத்தரன்னு தெரியுமா? சத்தியமாயிட்டு சொல்லு."

போன் என் கையில்தான் இருந்தது. கட்டை விரலால் தட்டினால் போதும். பெஞ்சின் மேல் நின்ற அந்தப் பிள்ளை இத்தனை வருஷம் கழித்து என்னை அங்கே, நடு நீரில், பார்த்துக்கொண்டிருந்தது போலத் தோன்றியது.

"தெரியாது," என்றேன்.

"நிஜமாயிட்டா?"

"நிஜமா. ஏழு, எட்டு ரெண்டும் எனக்கு வராது. சின்னதிலேயே வராது. இப்பவும் வராது."

அவள் வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அடுத்து அவள் முகத்தில் ஒன்று அசைந்தது. இறுக்கக் கட்டிய முடிச்சு நெகிழ்கிற மாதிரி. அவள் அழத் தொடங்கினாள். நல்ல பெரிய அழுகை. எதிர் பெஞ்சில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். நான் மகளை மடியோடு சேர்த்துக்கொண்டேன். எரணாகுளம் வந்தது, நாங்கள் இறங்கவில்லை. திரும்பும் வழியில் அவள் விக்கலுக்கு நடுவில், "அப்ப நீ கர்ட்டன் எப்படி தைக்கிறே?" என்று கேட்டாள்.

அதைச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காட்டினேன்.

பாதி தைத்த படுக்கை விரிப்பு ஒன்று கிடந்தது. அதைத் தரையில் விரித்தேன். ஒரு மடி மடித்தால் இரண்டு. இன்னொரு மடி மடித்தால் நாலு. மூன்றாவது மடிக்கு எட்டு. போன் கையில் இல்லாத நேரங்களில் நான் செய்கிற கள்ளத்தனம் இதுதான். எட்டு ஜன்னல், ஜன்னலுக்கு ஏழு மீட்டர் என்றால், ஏழை ஒருமுறை இரட்டிப்பேன், பதினாலு. அதை இரட்டிப்பேன், இருபத்தெட்டு. இன்னொரு தடவை, அம்பத்தாறு. மனத்துக்குள் துணியை மடித்துக்கொண்டே போவேன். இது கணக்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கணக்குத் தெரியாததை மறைக்கிற ஒரு தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மகள் விரிப்பைத் தன் கையால் மடித்துப் பார்த்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"அப்ப ஏழெட்டு அம்பத்தாறா?"

"ஆமா."

"நீதானே சொன்னே, தெரியாதுன்னு?"

நான் கையில் விளிம்புத் துணியோடு நின்றேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எட்டு மடங்கு, பத்து மடங்கு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைக்குள்ளே மடிப்பு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் எனக்குக் கனவு மாதிரி இருக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் விரிப்புகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வாள். நான் தைத்துக்கொண்டிருப்பேன். ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் வெள்ளைத் துணியில் பட்டு, அறை முழுக்க நீருக்கடியில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். அங்கிருந்து கொண்டு அவள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். ஆறு என்றால் மூன்றை ஒரு மடி. ஒன்பது என்றால் பத்திலிருந்து ஒன்றை உருவிக்கொள்ள வேண்டும். ஐந்து, பத்து அவளுக்கு முன்பே தெரியும். நாங்கள் ஒரு தாளில் கட்டம் போட்டு, வழி கண்டுபிடித்த கட்டத்தை எல்லாம் பென்சிலால் நிரப்பிக்கொண்டே வந்தோம். ஆச்சரியமான ஒன்று நடந்தது. எல்லாம் நிரம்பி, ஒரே ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக மிஞ்சியது.

ஏழேழு.

எந்த மடிப்பிலும் அது அடங்கவில்லை. "இவ ஒத்தைக்காரி," என்றாள் மகள். மூன்று நாள் அந்தக் கட்டத்தை நிரப்பவே விடவில்லை. அவளுக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. நாலாவது நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அஞ்சு ஏழும் ரெண்டு ஏழும்," என்று தானாகவே சொல்லிவிட்டு, கப்பைக் கிழங்குத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அது எப்படி அவளுக்குத் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

படகு விஷயத்தைக் கணவரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தேன். அவர் மகளைத் திட்டவில்லை. நெடுநேரம் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் என்னைப் பற்றிய பாதியை நான் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. அவள் அதை ஒரு முத்து மாதிரிக் காப்பாற்றினாள். எனக்குத்தான் அது உறுத்தியது. ஒன்பது வயசுக் குழந்தையிடம் என் வெட்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்று.

ஓணம் விடுமுறையில் ஒரு சாயங்காலம் அவர் மறுபடியும் கேட்டுப் பார்த்தார். "எட்டாறு?"

மகள் கண்ணை மூடினாள். விரல்கள் பாவாடையில் மெல்ல மடிந்து மடிந்து நிமிர்ந்தன.

"வேகமா சொல்லு."

"விடுங்க, அவ மடிச்சிட்டிருக்கா," என்றேன்.

"என்ன மடிக்கிறா?"

"நாப்பத்தெட்டு," என்றாள் மகள்.

"சரிதான். ஆனா இவ்வளவு நேரமா?"

"எனக்கும் இவ்வளவு நேரம் ஆகும்," என்றேன். "எனக்கு ஏழும் எட்டும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடியும் தெரியாது, இப்பவும் தெரியாது. போன்லதான் பார்க்கிறேன்."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். மகளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பதிமூணு வருஷமா?"

"ஆமா."

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். கோபமோ என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"என்கிட்ட ஆறேழு எத்தனைன்னு கேளு."

"ஆறேழு?" என்றாள் மகள் உடனே.

அவர் உதடு அசைந்தது. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். சத்தமே இல்லாமல், ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நாப்பத்திரண்டு," என்றார். "முதல்லேர்ந்து ஆரம்பிச்சாத்தான் எனக்கு வரும். மனசுக்குள்ளே வேகமா பாடிடறேன், வெளியே தெரியறதில்ல."

மகள் சிரித்த சிரிப்பில் கீழே கிடங்கில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அன்று மூவரும் சாயா குடித்தோம். அவர் நடுநடுவே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

விடுமுறை முடிந்ததும் நான் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். கலூரிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிற சின்ன வயசுப் பெண். சுவரோரம் நிற்காமல், அவர் மேஜை வரை நடந்து போவதற்கே எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. மகளுக்குத் தெரியும், ஆனால் நேரம் வேண்டும், அடுத்த குழந்தைக்குத் தாண்டிப் போகும் முன் கொஞ்சம் காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். எனக்கும் அப்படித்தான் என்றும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது அவ்வளவு கனமாக இல்லை.

"நாப்பது குட்டிகள் உண்டு சேச்சி. ஓரோருத்தருக்கும் காத்து நின்னா பீரியட் கழியும்," என்றார் டீச்சர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வாசல் வரை போனதும் கூப்பிட்டார். வகுப்பில் கேட்காமல், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்றார்.

முதல் தடவை பத்துக்கு ஆறு. அடுத்த வாரம் ஐந்து. அதற்கடுத்தது எட்டு. புதன்கிழமை வயிற்றுவலி உடனே போய்விடவில்லை. இன்னும் சில வாரம் வந்துகொண்டிருந்தது. வந்தால், வலியோடேயே போனாள். ஒரு புதன்கிழமை, வந்ததா இல்லையா என்று நாங்கள் கேட்கவே மறந்துபோனோம்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. வேகம் இன்றும் கிடையாது. பரீட்சையில் கடைசிக் கேள்விகள் எழுதாமல்தான் வருவாள். மதிப்பெண் நடுவில் எங்கேயோ நிற்கும். வீட்டுக்கு வந்திருந்த என் கணவரின் தம்பி போன மாதம் அவளிடம், "கணக்கெல்லாம் எப்படிம்மா, இஷ்டமா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். எப்போதும்போல் நேரம் எடுத்துக்கொண்டாள். நான் சமையலறையில் பாத்திரத்தை அலம்பாமல் காது கொடுத்து நின்றேன்.

"இஷ்டமில்ல சித்தப்பா. ஆனா பேடி ஒண்ணும் இல்ல," என்றாள்.

சொல்லிவிட்டு, மழை வருகிறது என்று கத்திக்கொண்டே, கீழே முற்றத்தில் காய்கிற விரிப்புகளை எடுக்க ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.